நர்ஸ் ஐரீனுக்குக் கைதட்டிய வெள்ளிக்கிழமை

அமெரிக்கத் தொலைக்காட்சியின் வரலாற்றைத் தடித்தடிப் புத்தகங்களாக எழுதி வைத்திருக்கிறார்கள். அவற்றில் வெர்னா ஹால்ஸ்டெடைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. வரலாற்றாசிரியர்கள் பிஸியானவர்கள், அவர்கள் விட்டுப்போனதை நாலு பேர் எடுத்துக்கட்ட வேண்டியிருக்கிறது. பர்பாங்கில் வெர்னா நடித்த அதே படப்பிடிப்புக் கூடத்தில் பத்தொன்பது வருடம் சாமான் பொறுப்பில் இருந்தவன் என்ற தகுதியில் இந்தத் தொண்டை நான் செய்கிறேன். அந்த வருடங்களில் அவர் கையில் ஏந்திய மருந்துத் தட்டுகள் எல்லாம் நான் எடுத்துக் கொடுத்தவை.

வெர்னா, ஒஹையோ மாநிலத்து டொலீடோவில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலை ஊழியரின் மகளாகப் பிறந்தார். பள்ளிக்கூட நாடகத்தில் ராணியாக நடித்தார். அதைப் பார்த்த யாரோ ஒருவர், பெயர் தெரியவில்லை, தெரிந்தால் நாலு கேள்வி கேட்கலாம், ‘நீ லாஸ் ஏஞ்சலீஸ் போக வேண்டியவள்’ என்று சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வயதில் ஒரு பெட்டியோடு பேருந்தில் ஏறி வந்து இறங்கினார்.

முதல் ஒன்பது வருடங்களில் அவர் ஆற்றிய பணிகளை ஒருவாறு சொல்லிவிடலாம். தரைக்குப் போடும் மெழுகுக்கான விளம்பரத்தில் அவருடைய வலது கை நடித்தது. துப்பறியும் தொடர்களில் பிணத்தை முதலில் பார்த்து அலறும் பெண்ணாக ஏழு முறை அலறினார். உணவகக் காட்சிகளில் ‘இரண்டாவது பணிப்பெண்’ணாக வந்தார், முதல் பணிப்பெண்ணுக்கு வசனம் இருக்கும். ஒருமுறை பிணமாகவே நடிக்கும் தேர்வுக்குப் போனார். அரைமணி நேரம் மேஜைமேல் படுத்திருந்தார். கடைசியில், ‘ரொம்ப நடிக்கிறீங்க’ என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த வாழ்க்கையில் அவரை அதிகம் புண்படுத்திய விமர்சனம் அதுதான். பேசி நடித்ததைக் குறை சொன்னால் தாங்கலாம். சும்மா கிடந்ததையுமா?

முப்பத்தொன்றாம் வயதில் ‘கலங்கரைத் தெரு’வில் மூன்று நாள் வேலை கிடைத்தது. அது தினசரி மத்தியானத் தொடர். நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கியது. நான் போன பிறகும் ஓடும். அந்தத் தெருவில் இருப்பவர்கள் எல்லோரும் பணக்காரர்கள், அழகானவர்கள், அடிக்கடி நினைவு தப்புகிறவர்கள். கதாநாயகன் பிளேக்காக நடிக்கும் லாண்டன் க்ரீவ் மட்டுமே குதிரையிலிருந்து விழுந்தும், காரில் மோதியும், தன் இரட்டைச் சகோதரனால் மாடியிலிருந்து தள்ளிவிடப்பட்டும் பதினோரு முறை கோமாவில் கிடந்திருக்கிறார். அப்படிக் கிடப்பவர் இமையை அசைத்ததும், பக்கத்தில் நிற்கும் நர்ஸ் திரும்பி, “டாக்டர், அவர் கண் விழிச்சிட்டார்” என்று சொல்ல வேண்டும். அந்த நர்ஸ் ஐரீன்தான் வெர்னா.

மூன்று நாள் வேலை இருபத்தேழு வருடமானது திறமையால் என்று சொன்னால் வெர்னாவே சிரிப்பார். அவரை நீக்க மறந்துவிட்டார்கள். அந்த மறதியை அவர் கண்ணும் கருத்துமாகப் பாதுகாத்தார். தயாரிப்பாளர்கள் எதிரே வந்தால் கழிப்பறைக்குள் புகுந்துவிடுவார். காரைக் கடைசி வரிசையில் நிறுத்துவார். தலைவலி என்றுகூடச் சொன்னதில்லை. ஐரீனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. காதல், கணவன், கெட்ட கனவு எதுவும் கிடையாது. புதிதாக வரும் நடிகைகள், ‘உங்களுக்கு ஒரு கதை கேட்டு வாங்கக்கூடாதா?’ என்று இரக்கப்படுவார்கள். வெர்னா புன்னகைப்பார். கதை கேட்டு வாங்கிய பெண்கள் எங்கே போனார்கள் என்று அவருக்குத் தெரியும். ஒருத்தி எரிமலைக்குள், ஒருத்தி லிஃப்ட் விழுந்து, ஒருத்தி சொந்தத் திருமணக் கேக்கில் இருந்த விஷத்தால். அந்தத் தெருவில் கதை இல்லாதவர்களுக்குச் சாவும் இல்லை.

அவருக்கு ஒப்பந்தம் எதுவும் கிடையாது. வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு உதவி இயக்குநர் தொலைபேசியில் அழைத்து, அடுத்த வாரம் எந்தெந்த நாள் வர வேண்டும் என்று சொல்வார். அழைப்பு வந்தால் வேலை உண்டு. வராவிட்டால் என்ன என்பதை இருபத்தேழு வருடமாக அவர் அறிந்ததில்லை, அறியவும் விரும்பவில்லை. உலகம் அழிந்தாலும் வியாழக்கிழமை நாலு மணிக்கு வெர்னா ரெசீடாவில் உள்ள தன் வீட்டுச் சமையலறையில் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருப்பார். தன் திருமணத்தைக்கூட அவர் ஒரு புதன்கிழமைதான் வைத்துக்கொண்டார்.

இனி எங்கள் கூடத்தின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருவரை வேலையிலிருந்து அனுப்பப் போகிறார்கள் என்றால் அதை யாரும் அவரிடம் சொல்வதில்லை. எழுத்தாளர்கள் கண்ணைப் பார்க்கமாட்டார்கள். ஒப்பனைக்காரர் வழக்கத்தைவிட மென்மையாகப் பவுடர் பூசுவார். அந்த வாரக் கதையில் அவருக்கு நீளமான, அழகான ஒரு வசனம் வரும். அதைப் பேசி முடித்ததும், கடைசி ஷாட் எடுத்ததும், கூடம் முழுக்கக் கைதட்டும். அந்தக் கைதட்டல்தான் அறிவிப்பு, கடிதம், எல்லாம். இதைத் தவிர வேறு எதற்கும் அங்கே யாரும் கை தட்டுவதில்லை. நடிப்புக்கா? ஒவ்வொரு தோசைக்கும் சமையல்காரருக்குக் கைதட்டுகிறோமா என்ன?

அந்த வருடம் வசந்தத்தில் ப்ரெஸ்டன் வாண்டர்மீர் என்று புதுத் தயாரிப்பாளர் ஒருவர் வந்து சேர்ந்தார். அதற்கு முன் சமையல் போட்டி நடத்திக்கொண்டிருந்தவர். முதல் நாள் எல்லோரையும் கூட்டி, இது ஒரு குடும்பம் என்றார். குடும்பம் என்று சொன்னதுமே பழைய ஆட்கள் தங்கள் பொருட்களைப் பெட்டியில் போட ஆரம்பித்தார்கள். இரண்டு வாரத்தில் பூக்கடைக்காரி போனாள், மேயர் போனார், பாதிரியார் போனார். மூன்று வசனம், மூன்று கைதட்டல்.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை வெர்னாவின் கைக்குக் கதைப் பக்கங்கள் வந்தன. ஐரீனுக்கு ஒன்றரைப் பக்க வசனம்.

அதை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமையலறை மேஜைமேல் வைத்தார். கணவர் டுவேன், பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர், மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். புயல் வருகிறது. மருத்துவமனையின் அடித்தளத்துக்கு ஐரீன் ரத்தப் பைகள் எடுக்கப் போகிறாள். கதவு அடைத்துக்கொள்கிறது. தண்ணீர் ஏறுகிறது. அவள் மேல்மாடி டாக்டரிடம் தொலைபேசியில் பேசுகிறாள்.

“செத்துட்டாள்னு போட்டிருக்கா?” என்றார் டுவேன்.

“போடல. ‘தண்ணீர் இடுப்புக்கு மேல் உயர்கிறது, விளக்கு அணைகிறது’ன்னு போட்டிருக்கு.”

“அப்ப சாகலையே.”

“டுவேன், எனக்கு நீச்சல் தெரியாது.”

“உனக்குத் தெரியாது சரி. ஐரீனுக்கு?”

“இருபத்தேழு வருஷத்துல ஐரீனுக்கு ஒண்ணும் தெரியும்னு அவங்க எழுதினதே இல்ல.”

அடுத்த வாரக் கதைப் பக்கங்கள் யாருக்கும் தரப்படவில்லை. வியாழக்கிழமை வந்தது. நாலு மணி ஆயிற்று. நாலரை ஆயிற்று. தொலைபேசி அடிக்கவில்லை. ஆறு மணிக்கு டுவேன் எழுந்து, கருவி வேலை செய்கிறதா என்று காதில் வைத்துப் பார்த்தார். வேலை செய்தது. அதுதான் கஷ்டம்.

வேலை போனால் வெர்னாவுக்கு என்ன காத்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய ஏஜென்ட், இருபது வருடமாக அவரை மறந்திருந்தவர், சேதி காதில் விழுந்ததும் உற்சாகமாக ஒரு வாய்ப்பு பிடித்து வைத்திருந்தார்: முதியோருக்கான, பக்கவாட்டில் கதவு வைத்த குளியல் தொட்டியின் விளம்பரம். செவ்வாய்க்கிழமை தேர்வு. கதவைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்து, மூட்டுவலி பறந்துவிட்டதுபோலச் சிரிக்க வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் மறுபடி வரிசையில் நாற்காலி பிடித்து, நெஞ்சில் எண் ஒட்டிக்கொண்டு, தன்னைப் போலவே இருக்கும் முப்பது பெண்களோடு உட்கார வேண்டும். பிணமாகத் தோற்றவர், குளிக்கவும் தகுதியில்லை என்று கேட்க வேண்டியிருக்குமோ என்று பயந்தார்.

வெள்ளிக்கிழமை. அடித்தளத்தைத் தகரத் தொட்டிக்குள் கட்டியிருந்தோம். தண்ணீரைச் சூடாக்கும் கருவி வழக்கம்போலப் பேச்சுவார்த்தையில் இருந்தது, அதாவது வேலை செய்யவில்லை. நான் செர்ரிப் பழப் பாகு நிரப்பிய ரத்தப் பைகளை வெர்னா கையில் கொடுத்தேன். ஒப்பனைக்காரர் அன்றைக்கு மிக மென்மையாகப் பவுடர் பூசியிருப்பதைப் பார்த்தேன். அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார். இருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

காட்சி ஓடியது. நான் இந்த வேலையில் பல வெள்ளங்களைப் பார்த்தவன். நடிகர்கள் தண்ணீரில் கை கால் அடிப்பார்கள், மேலே பார்த்துக் கடவுளைக் கூப்பிடுவார்கள். வெர்னா ஒன்றும் செய்யவில்லை. பைகள் நனையாமல் உயர்ந்த அலமாரியில் அடுக்கினார். தொலைபேசியை எடுத்தார். “ரத்தம் பத்திரமா இருக்கு டாக்டர். மேல் தட்டுல வச்சிருக்கேன், யாராவது வந்தா சொல்லுங்க” என்று தொடங்கினார். ஏதோ கடைக்குப் போனவர் சாவியை எங்கே வைத்தேன் என்று சொல்வதுபோல. ஒன்றரைப் பக்கமும் அப்படியே. கடைசியில், “நான் எழுப்பிவிட்டவங்க யாரும் என் பேரைக் கேட்டதில்ல டாக்டர். பரவாயில்ல. முழிச்சதும் மனுஷனுக்கு ஆயிரம் கேள்வி இருக்கும்” என்றார். தொலைபேசியை வைத்தார். தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறியது. விளக்கு அணைந்தது.

இயக்குநர் ‘கட்’ சொன்னார்.

அப்போது மேலேயிருந்து ஒரு ஜோடிக் கை தட்டியது.

ஏணியின் உச்சியில் விளக்குக்குப் பொறுப்பான ஓட்டிஸ். அறுபத்தெட்டு வயது. முப்பது வருடமாக ஏணியில் இருப்பவர். கீழே நடப்பதில் எதையும் அவர் பொருட்படுத்திப் பார்த்ததாகத் தகவல் இல்லை. அவர் தட்டியதும் கேமராக்காரர்கள் தட்டினார்கள். தையல்காரப் பெண்கள் தட்டினார்கள். நானும் தட்டினேன். உதவி இயக்குநர் ட்ராவிஸ் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதில் ஐரீனின் முடிவைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆனால் அவரிடம் யார் எதைச் சொல்லியிருக்கிறார்கள்? பாதிரியார் செத்ததுகூடத் தாளில் இல்லை. ஊரே தட்டும்போது ஒரு தாள் என்ன செய்யும்? அவர் ஒலிபெருக்கியை எடுத்து, “வெர்னா ஹால்ஸ்டெட், இருபத்தேழு வருஷத்துக்கு நன்றி” என்றார்.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து ப்ரெஸ்டன் இறங்கி வந்தார். தன் தொடரில் ஒருவர் விடைபெறுவது தனக்கே தெரியாது என்று ஒரு தலைவர் காட்டிக்கொள்ளலாமா? கூடாது. எழுத்துத் தலைவி முடிவு செய்திருப்பாள் என்று எண்ணி, முகத்தில் துக்கத்தை வரவழைத்துக்கொண்டு, வெர்னா இந்தக் குடும்பத்தின் தூண் என்று பேசினார். பூ இல்லையே என்று யாரோ சொன்னார்கள். பூக்கடைக்காரியின் சவ அடக்கத்துக்கு வைத்த பிளாஸ்டிக் லில்லி என் அறையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். இந்தச் சம்பவத்தில் என் குற்றம் அவ்வளவே.

வெர்னா துண்டைப் போர்த்திக்கொண்டு, நீர் சொட்டச் சொட்ட, கையில் லில்லியோடு நின்றார். பேசச் சொன்னார்கள். பாவம், மரியாதைக்குச் சொன்னார்கள். இருபத்தேழு வருடம் நல்லபிள்ளையாக இருந்தவரை, இனி இழக்க ஒன்றுமில்லை என்ற நிலையில் நிறுத்தி, கையில் ஒலிபெருக்கியையும் கொடுத்தார்கள்.

“லாண்டன்,” என்றார். கதாநாயகன் கண்ணைத் துடைத்தபடி முன்னால் வந்தார். “பதினோரு தடவ உன் மூஞ்சிகிட்ட குனிஞ்சு உன்ன எழுப்பிவிட்டிருக்கேன். ஒரு தடவயாவது வெங்காயம் போட்ட சாண்ட்விச் திங்காம படுத்திருக்கியா? கோமால இருக்கறவன் வாயில வெங்காய வாசனை எப்பிடிப்பா வரும்?”

பிறகு ட்ராவிஸிடம் திரும்பினார். விடியற்காலை ஆறு மணிக்கு வரச் சொல்லிவிட்டு, சாயங்காலம் நாலு மணிக்கு ஒரே ஒரு வரி பேசவைத்து அனுப்புவதை நாலு வருடமாகச் செய்கிறாய், எனக்கு வீடு இல்லை என்று நினைத்தாயா என்று கேட்டார். இயக்குநர் எப்போதும் அடித்துக்கொண்டிருக்கும் விசிலைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். கடைசியாகத் தயாரிப்பாளரைப் பார்த்தார்.

“ஐயா, உங்க பேரு என்னன்னு எனக்கு இதுவரைக்கும் தேவைப்படல. இனிமேலும் தேவைப்படாது.”

மறுபடியும் கைதட்டல். முதல் தடவையைவிடப் பலம். லில்லியோடு கடைசி வரிசைக் காருக்கு நடந்தார்.

சனிக்கிழமை அக்கம்பக்கத்தார், சாவு வீட்டுக்குக் கொண்டுவருவதுபோல, டியூனா மீனும் நூடுல்ஸும் சீஸும் போட்டு வேகவைத்த தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நானும் ஒன்று கொண்டுபோனேன். டுவேன் என்னை உட்காரவைத்துவிட்டு மனைவியை விசாரித்துக்கொண்டிருந்தார்.

“எல்லாத்தையும் சொல்லிட்டியா கண்ணு?”

“சொல்லிட்டேன்.”

“வெங்காயத்தையுமா?”

“அதத்தான் மொதல்ல சொன்னேன்.”

டுவேன் நூடுல்ஸ் தட்டை என் பக்கம் நகர்த்தினார். “அப்ப திரும்பிப் போக வழியில்ல,” என்றார்.

“இல்ல,” என்றார் வெர்னா. எனக்கு இரண்டாவது கரண்டி நூடுல்ஸ் போட்டார். நான் வேண்டாம் என்று சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எழுத்துத் தலைவி லூயிஸ் கோபெக்கி தன் அறையிலிருந்து இறங்கி வந்தார். இது அபூர்வம். லூயிஸ் கூடத்துக்கு வந்தால் மழை பெய்யும் என்பார்கள். லாஸ் ஏஞ்சலீஸில் அது எவ்வளவு அபூர்வம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கையில் ஒரு கட்டுக் காகிதம். கண்ணில் தூக்கமில்லை. மருத்துவமனைக் கட்டிலை ஒரு பார்வை பார்த்தார்.

“ஐரீன் எங்க?”

ப்ரெஸ்டன் தொண்டையைக் கனைத்து, “எந்த ஐரீன்?” என்றார்.

“இந்தக் கட்டில்ல கிடக்க வேண்டிய ஐரீன்.”

விஷயம் மெதுவாக வெளியே வந்தது. லூயிஸ் ஐரீனைக் கொல்லவே இல்லை. லாண்டன் பன்னிரண்டாவது முறை மயங்கினால் பார்க்கிறவர்கள் தொலைக்காட்சியை மூடிவிடுவார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. எல்லோரையும் எழுப்பிவிட்டவளே விழுந்துவிட்டால் அவளை யார் எழுப்புவார்கள்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பத்து வாரத்துக்குக் கதை பின்னியிருந்தார். அதை மாற்றி மாற்றி எழுதியதில் அடுத்த வாரப் பக்கங்கள் ஞாயிற்றுக்கிழமைதான் முடிந்தன. பக்கம் இல்லாததால் ட்ராவிஸிடம் பட்டியல் இல்லை. பட்டியல் இல்லாததால் வியாழக்கிழமை அவர் யாரையுமே அழைக்கவில்லை. லாண்டனைக்கூட அழைக்கவில்லை, ஆனால் லாண்டன் தொலைபேசிப் பக்கத்தில் உட்கார்கிறவர் அல்ல.

“அவள யாரு அனுப்பினது?” என்று கேட்டார் லூயிஸ்.

ட்ராவிஸ் ஒலிபெருக்கியில் சொன்னதைக் கேட்டதாக ப்ரெஸ்டன் சொன்னார். கேமராக்காரர்கள் தட்டியதைப் பார்த்ததாக ட்ராவிஸ் சொன்னார். கேமராக்காரர்கள் மேலே கை காட்டினார்கள். எல்லோரும் நிமிர்ந்து ஏணியைப் பார்த்தோம்.

“ஓட்டிஸ்,” என்றார் லூயிஸ். “நீங்கதான் மொதல்ல தட்டினீங்களா?”

“ஆமா.”

“அவங்க போறாங்கன்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. எல்லாரும் தட்ட ஆரம்பிச்சப்பதான் எனக்கே தெரியும். ரொம்ப வருத்தமாப் போச்சு.”

“அப்ப எதுக்குத் தட்டினீங்க?”

ஓட்டிஸ் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினார். “நல்லா இருந்துச்சு,” என்றார். “தட்டக் கூடாதா?”

கூடத்தில் இருந்த அறுபது பேரும் தரையைப் பார்த்தோம். நடிப்பு நன்றாக இருந்ததால் ஒருவர் கைதட்டியிருக்கலாம் என்ற எண்ணம், சத்தியமாகச் சொல்கிறேன், எங்களில் ஒருவருக்கும் உதிக்கவில்லை. அதுவும் நாங்கள் நடிப்பையே தொழிலாகக் கொண்டவர்கள்.

ப்ரெஸ்டனைக் குறைசொல்லக் கூடாது. பத்து நிமிடத்தில் அவர் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். வெள்ளிக்கிழமை நடந்தது வழியனுப்பு அல்ல, நீண்ட சேவைக்கான பாராட்டு விழா என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டப்பட்டது. இதுபோன்ற விழா இனி ஆண்டுதோறும் நடக்கும் என்றும் அதில் இருந்தது. அதைப் படித்த பழைய ஆட்கள் மூன்று பேர், தங்களுக்குப் பாராட்டு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தார்கள்.

ட்ராவிஸ் ரெசீடாவுக்குத் தொலைபேசி செய்தபோது வெர்னா தன் வீட்டுக் குளியல் தொட்டிக்குள், தண்ணீர் இல்லாமல், முழு உடையோடு உட்கார்ந்து சிரித்துப் பழகிக்கொண்டிருந்தார். டுவேன் கதவு இருக்க வேண்டிய இடத்தில் நின்று, திறந்து மூடுவதாகப் பாவனை செய்துகொண்டிருந்தார். அவர்தான் போய் எடுத்தார். வயரை இழுக்கும் மட்டும் இழுத்துக்கொண்டு வந்து கொடுத்தார்.

“வெர்னா, நாளைக்கு வரணும்,” என்றார் ட்ராவிஸ்.

“எதுக்கு, பொணமாவா?”

“உயிரோடதாங்க. மயக்கத்துல.”

“எத்தனை நாளு?”

“பத்து வாரம். மேலயும் போகலாம்னு லூயிஸ் சொல்றாங்க.”

வெர்னா தொட்டிக்குள் அப்படியே சாய்ந்தார். டுவேன் பயந்து கையைப் பிடித்தார். பத்து வாரம். வியாழக்கிழமை நாலு மணி இல்லாத பத்து வாரம். ட்ராவிஸ் முழுக் கதையையும் சொன்னார்; நடுவில் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டார். மதியம் பன்னிரண்டுக்கு வந்தால் போதும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

“மொதல்ல தட்டினது யாருன்னு சொன்னே?”

“ஓட்டிஸ்.”

“எதுக்காம்?”

“நல்லா இருந்துச்சாம்.”

ட்ராவிஸ் இணைப்பு போய்விட்டதோ என்று நினைத்தார். டுவேன் பிற்பாடு என்னிடம் சொன்னார்: வெர்னா வாயைத் திறந்தபடி குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு, தொலைபேசியை வைத்துவிட்டு, “அந்த விளம்பரக்காரங்கள கூப்பிட்டு, எனக்குக் குளிக்கத் தெரியாதுன்னு சொல்லிடு டுவேன்” என்றாராம்.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்கு வந்தார். கூடத்தில் நடக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஒலிபெருக்கியில் சொன்னதைத் திருப்பி வாங்க முடியாது. ப்ரெஸ்டன் எதிரே வந்து கை நீட்டி, “நான் ப்ரெஸ்டன்” என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டார். அன்றிலிருந்து தினமும் அப்படியே செய்கிறார். பெயர் தேவைப்படாது என்று சொன்னது அவரை ஆழமாகத் தைத்திருக்க வேண்டும். லாண்டன் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். பத்து வாரமும் அவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து அழ வேண்டும். அவர் ஒன்றும் பேசாமல் முன்னால் குனிந்து, வாயைத் திறந்து ஊதினார்.

“புதினா,” என்றார் வெர்னா.

“நாலு நாளா வெங்காயம் தொடல.”

“ஒடம்புக்கு நல்லதுப்பா.”

ஏணியடிக்குப் போக மட்டும் வெர்னா நேரம் எடுத்துக்கொண்டார். தீனி மேஜையிலிருந்து இரண்டு டோனட்டைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போனார். ஓட்டிஸ் இறங்கி வந்தார். எது நல்லா இருந்தது என்று வெர்னா கேட்டார்.

“எல்லாம் இல்ல,” என்றார் ஓட்டிஸ். நேர்மையான மனிதர். “பேச்சு நீளம். கடைசியில அந்த போன வச்சீங்க பாருங்க. மெதுவா வச்சீங்க. தண்ணி அவ்வளவு ஏறுது, யாருக்கும் காது வலிக்கக் கூடாதுங்கற மாதிரி வச்சீங்க.”

வெர்னா தலையாட்டினார். இருவரும் டோனட் தின்றார்கள்.

“இனிமே தட்டாதீங்க ஓட்டிஸ்.”

“தட்டமாட்டேன்.”

வெர்னா கட்டிலில் படுத்தார். தலையில் கட்டு, மூக்கில் குழாய், இரண்டும் என் உபயம். பிணமாகப் படுத்துத் தோற்றவர் என்பதை இயக்குநர் அறியமாட்டார், நான் அறிவேன். அதனால் எனக்குக் கொஞ்சம் கவலை. காட்சி தொடங்கியது. லாண்டன் அழுதார். புது நர்ஸாக வந்த பெண் குழாயைச் சரிசெய்தாள். வெர்னாவின் முகத்தில் ஓர் அசைவு இல்லை. இமைக்குள் விழி உருளவில்லை. நெஞ்சு மட்டும் ஒரே சீராக ஏறி இறங்கியது. இயக்குநர் திரையைப் பார்த்து, இதுதான் நடிப்பு, மற்றவர்கள் கற்றுக்கொள்ளுங்கள் என்று மெல்லிய குரலில் சொன்னார். ‘கட்’ என்றார்.

வெர்னா எழுந்திருக்கவில்லை.

ட்ராவிஸ் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து எங்களிடம், “தூங்கிட்டாங்க” என்று வாயசைத்தார். இருபத்தேழு வருடத் தூக்கம். பாக்கி நிறைய இருந்திருக்கும். அடுத்த காட்சிக்குக் கட்டிலை நகர்த்த வேண்டும். தோளைத் தொட ட்ராவிஸ் கையை நீட்டினார். லூயிஸ் அவர் கையைப் பிடித்தார்.

“எழுப்பாதீங்க,” என்றார். “இப்பவே முழிச்சா நான் என்னத்த எழுதறது?”

கட்டிலோடு சேர்த்து அவரை நாங்கள் நாலு பேர் தள்ளிக்கொண்டு போய் ஓரமாக நிறுத்தினோம். சக்கரம் கிறீச்சிடாமல் இருக்க நான் தூக்கியே பிடித்தேன். ஓட்டிஸ் மேலேயிருந்து, வெர்னாவின் முகத்தில் விழுந்துகொண்டிருந்த விளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். காட்சி நன்றாகத்தான் இருந்தது. கூடத்தில் ஒருவரும் கை தட்டவில்லை.